கண் கட்டிக்குச் சூட்டு ஒத்தடம்: ஃபிளாஸ்க்கும் இரண்டு துணியும்

இமையில் கட்டி வந்து வீங்கினால் வெந்நீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, பழைய வேட்டித் துணி இரண்டை மாற்றி மாற்றி நனைத்துப் பிழிந்து மூடிய கண்மேல் வையுங்கள். ஒரே துணி என்றால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். பலரும் ஒத்தடம் பலிக்கவில்லை என்பது இதனால்தான். ஒரு வேளைக்கு 10 நிமிடம், நாளுக்கு 4 வேளை. சூட்டை முதலில் உள்மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். இமைத்தோல் மெல்லியது, எளிதில் வெந்துவிடும்.

இமை ஓரத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அடைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். சூடு உறைந்த எண்ணெயை இளக்கும். ஒத்தடம் முடிந்ததும் சுத்தமான விரலால், மேல் இமையில் கீழ்நோக்கியும் கீழ் இமையில் மேல்நோக்கியும் மெல்ல நீவினால் அது வெளியேறும். பிதுக்கக் கூடாது, கிருமி பரவும். நாமக்கட்டி பற்றும் வேண்டாம். காய்ந்த துகள் கண்ணுக்குள் உதிரும்.

அரிப்போடு வரும் வீக்கத்துக்கு இது ஆகாது. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் மாங்காய்ப் பால் பட்ட கையால் கண்ணைத் தொட்டாலோ, பார்த்தீனியம் களை பிடுங்கினாலோ வருவது ஒவ்வாமை. சூடு அதைக் கூட்டும். கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள்.

காய்ச்சல், கண்ணை அசைத்தால் வலி, பார்வை இரட்டையாகத் தெரிவது, விழி பிதுங்குவது என்றால் காத்திருக்காமல் அன்றே தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தினமும் காலையில் இரண்டு இமையும் வலியில்லாமல் உப்பியிருந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும், தைராய்டுக்கும் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.