டிசம்பரில் பிராக்: நண்பர்களோடு ஒரு வார இறுதி, படிப்படியாக

முதல் தடவை செக் நாட்டுத் தலைநகர் பிராக் போனபோது சனிக்கிழமை காலை பதினொன்றுக்குத்தான் அறையை விட்டுக் கிளம்பினோம். நாலு பேருக்கு ஒரே குளியலறை. அதில் ஒருவனுக்குத் தலைக்குக் குளிக்காமல் நாள் தொடங்காது. வழியில் காபி, கடைத்தெருவில் வேடிக்கை, ஆளாளுக்கு ஒரு போட்டோ. கோட்டைக்கு மூச்சு வாங்க ஏறிப் போனால் மணி மூன்றே முக்கால், கதவடைக்கும் நேரம். வெளியே நின்று ஊரைப் பார்க்கலாம் என்று திரும்பினால் ஊரே இருட்டிக்கொண்டிருந்தது.

டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் காலை 8 மணிக்கு உதித்து மாலை 4 மணிக்கு மறைந்துவிடும். ஒரு நாளுக்குக் கிடைப்பது 8 மணி நேர வெளிச்சம், அதுவும் பெரும்பாலும் மேகமூட்டம். குளிரைக் கம்பளி பார்த்துக்கொள்ளும், வெளிச்சத்தைத்தான் நாம் பார்த்துச் செலவழிக்க வேண்டும். இரண்டாம் தடவை அப்படித் திட்டம் போட்டுப் போனோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: கிழமை பார்த்து இடம் பிரியுங்கள்

எந்த இடம் எந்தக் கிழமை என்பது முக்கியம். யூதர் குடியிருப்பான யோசெபோவில் உள்ள தொழுகைக்கூடங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை திறக்காது. கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டுஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை பூசை நடக்கும், பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகுதான் விடுவார்கள். ஆகவே சனி கோட்டை, ஞாயிறு யோசெபோவ். மாற்றிப் போட்டால் இரண்டு நாளும் வீண்.

படி 2: போய்ச் சேருதல்

நாங்கள் பெர்லினிலிருந்து ரயிலில் போனோம், நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். டிரெஸ்டனில் ஏறினால் அதில் பாதிதான். விமானத்தில் வருகிறவர்கள் நிலையத்து வாசலில் 59ஆம் எண் டிராலிபஸ் பிடித்து மெட்ரோவின் பச்சைத் தடத்துக்கு வரலாம், டாக்சி தேவையில்லை. காகித டிக்கெட் வாங்கினால் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த மறக்காதீர்கள். முத்திரை இல்லாத டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம்தான், பரிசோதகர் சாதாரண உடையில்தான் வருவார்.

ஷெங்கன் பகுதிதானே, ஐரோப்பாவில் வழக்கமாக எல்லைச் சோதனை இல்லாத நாடுகள்தானே என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். பாஸ்போர்ட், வசிப்பிட அட்டை இரண்டும் அசலாக வேண்டும். போனில் இருக்கும் படம் செல்லாது.

படி 3: கால்

மேலே என்ன போடுவது என்று எல்லோரும் யோசிப்பார்கள். ஆனால் குளிர் ஏறுவது காலிலிருந்து. பழைய நகரம் முழுக்கக் கருங்கல் பாவிய தெரு. ஈரமோ பனியோ பட்டால் சோப்புத் தடவியது மாதிரி வழுக்கும். அடிப்பாகம் பிடிப்பான, தண்ணீர் புகாத ஷூவும் கம்பளிச் சாக்ஸும் கட்டாயம். ஷூ அரை அளவு பெரியதாக இருக்கட்டும், விரல் இறுகினால் சாக்ஸ் போட்டும் பயனில்லை. மேலே ஒரே தடித்த மேலங்கியைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் வசதி, ஏனென்றால் உள்ளே நுழையும் ஒவ்வொரு இடத்திலும் ஹீட்டர் கொதிக்கும். போனை உள் பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் சார்ஜ் சடாரென்று இறங்கும்.

படி 4: காசு

செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனா. 'கமிஷன் 0' என்று பெரிதாக எழுதிய ஒரு கடையில் எங்களில் ஒருவன் யூரோவை மாற்றினான். கமிஷன் உண்மையிலேயே பூஜ்யம்தான், விலையில்தான் ஐந்தில் ஒரு பங்கைக் காணோம். இதற்கு ஒரு வழி இருக்கிறது, அது அப்போது எங்களுக்குத் தெரியாது: 2019 முதல் அமலில் உள்ள சட்டப்படி, 1,000 யூரோ வரை மாற்றியதை ரசீதோடு போய் 3 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். பெரும்பாலான கடைகளில் கார்டே போதும். ஏடிஎம் 'உங்கள் நாணயத்துக்கு மாற்றட்டுமா' என்று குழைந்து கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

நண்பர்கள் கணக்கு: ஒருவரே கொடுக்கட்டும், ஒருவரே எழுதட்டும். திரும்பும் ரயிலில் பிரித்துக்கொள்ளலாம்.

படி 5: சனி காலை, பாலம்

குளிர்காலம் தரும் ஒரே சலுகை இது: சூரியோதயம் பார்க்க நாலு மணிக்கு எழ வேண்டாம். ஏழரைக்குச் சார்லஸ் பாலத்தில் நில்லுங்கள். வல்டாவா ஆற்றின் மேல் அரை கிலோமீட்டர் நீளக் கல் பாலம், நான்காம் கார்ல் மன்னர் 1357இல் கட்டத் தொடங்கியது. இரு பக்கமும் சேர்த்து 30 சிலைகள், கரி படிந்த மாதிரிக் கறுத்த மணற்கல். பகலில் இங்கே தேர்த்திருவிழாக் கூட்டம், அப்போது சிலையின் முகத்தைவிடச் செல்ஃபி குச்சிகளைத்தான் பார்ப்பீர்கள். காலையில் நீங்களும் ஆற்று மூடுபனியும்தான்.

1393இல் ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட நெபொமுக் யோவான் என்ற பாதிரியாரின் சிலையைத் தேடுங்கள். அடியில் உள்ள வெண்கலப் பட்டயம் கறுத்துக் கிடக்கும், கை படும் இடம் மட்டும் பொன்னாகப் பளபளக்கும். தொட்டுத் தொட்டு ஏறிய பளபளப்பு. நம் கோயிலில் நந்தியின் காதுப் பக்கம் மட்டும் வழவழவென்று இருக்குமே, அந்த மாதிரி.

அதே மன்னர்தான் 1348இல் இங்கே பல்கலைக்கழகம் நிறுவினார். தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927இல் பிறந்தது இந்த ஊரில், படித்தது அந்தப் பல்கலைக்கழகத்தில். 1968இல் சோவியத் படை நுழைந்த பிறகு ஊரை விட்டுப் போனார். பாலத்தில் நின்று இதைச் சொன்னேன். தலைக்குக் குளிக்கிறவன் தவிர யாரும் காது கொடுக்கவில்லை.

பிறகு 22ஆம் எண் டிராமில் கோட்டைக்கு மேலே போய்விடுங்கள், திரும்பும்போது இறங்கி நடக்கலாம். எங்களைப் போல ஏறித் தொலைக்காதீர்கள். முற்றங்களில் நடக்கக் காசில்லை, கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட். பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள். இறங்கும்போது நெருடோவா தெரு. வீட்டு எண்கள் வருவதற்கு முன்பு வீடுகளை அடையாளம் காட்டிய சின்னங்கள் வாசல்களின் மேல் இன்னும் இருக்கின்றன: மூன்று பிடில்கள், இரண்டு சூரியன்கள்.

படி 6: இருட்டிய பிறகு

பழைய நகரச் சதுக்கத்தில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை கிறிஸ்துமஸ் சந்தை. சூடான மசாலா ஒயினைக் கைக்கு இதமாகப் பிடித்துக்கொண்டு 1410இல் செய்த வானியல் கடிகாரத்தின் முன் நிற்கலாம். மணி அடிக்கும்போது மரணத்தைக் குறிக்கும் எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், பக்கத்துப் பொம்மைகள் 'வரமாட்டேன்' என்று தலையாட்டும். மேலே இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் வரிசையாக எட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட ஆகாது. எல்லோரும் அண்ணாந்திருக்கும் அந்த நேரம் பர்ஸில் கை இருக்கட்டும்.

அங்கே விற்கும் டிர்டெல்னிக் என்ற சர்க்கரைச் சுருளைப் பாரம்பரியம் என்பார்கள். பிராக்கின் பழைய பண்டம் இல்லை அது. ருசிக்காகச் சாப்பிடுங்கள், சரித்திரத்துக்காக வேண்டாம்.

சாப்பாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பீர் கடைக்குள் நுழையுங்கள். மேசையில் ஒரு துண்டுச் சீட்டு வைப்பார்கள், ஒவ்வொரு கோப்பைக்கும் அதில் ஒரு கோடு. அந்தச் சீட்டுதான் பில், தொலைக்காதீர்கள். குடிக்காதவர்களுக்குக் கொஃபோலா இருக்கிறது, 1960இல் வந்த உள்ளூர்க் கோலா, மூலிகை வாசம். செஸ்னெச்கா என்ற பூண்டு சூப் வாங்கினோம், தொண்டைக்கு நம் பூண்டு ரசம் மாதிரியே இருந்தது. ஆனால் இறைச்சிச் சாற்றில் செய்வதும் உண்டு, சைவக்காரர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நிச்சயமாகக் கிடைப்பது ஸ்மஜெனீ சீர், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சீஸ். ஒரு வேளைக்குப் பரவாயில்லை, மூன்றாம் வேளையில் எங்கள் சைவ நண்பன் அழாத குறை.

படி 7: ஞாயிறு

பையைக் கட்டி ரயில் நிலைய லாக்கரில் போட்டுவிட்டு ஒன்பதுக்கு யோசெபோவ். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகள் கொன்ற போஹிமிய, மொராவிய (இன்றைய செக் நாட்டுப் பகுதிகள்) யூதர்கள் சுமார் 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து சுவரில் ஏதோ சாயம் மாதிரித் தெரியும், கிட்டப் போனால் எழுத்து. நாலு பேரும் அங்கேதான் முதல் தடவையாக ஒரே நேரத்தில் வாய் மூடியிருந்தோம். வெளியே கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் புதைத்த மண்ணின் மேலேயே மண் கொட்டிப் புதைத்திருக்கிறார்கள், கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடிக்கின்றன.

பன்னிரண்டரைக்குள் ரயில் ஏறிவிட வேண்டும். வெள்ளி இரவு வரும்போது இருட்டில் தவறவிட்ட எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கை அப்போதுதான் வெளிச்சத்தில் பார்க்க முடியும். போகும் திசைக்கு வலப்பக்க ஜன்னல் பிடியுங்கள், ஆறும் மணற்கல் குன்றுகளும் அந்தப் பக்கம்தான். எல்லை தாண்டியதும் ஜெர்மன் போலீஸ் ஏறலாம். பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, குன்று நன்றாகத் தெரிகிற நேரத்தில் துணிமணியைக் கிளறிக்கொண்டிருக்காதீர்கள்.