நிலக்காட்சி ஓவியத்தில் உணர்வையும் குறியீட்டையும் கண்டறிவது எப்படி?

ரொமாண்டிக் கால (உணர்வையும் இயற்கையையும் முன்னிறுத்திய, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஐரோப்பாவில் செழித்த கலை இயக்கத்தின்) நிலக்காட்சி ஓவியங்களைப் பார்க்கத் தொடங்குவோர் பலரும், மரத்துக்கு என்ன பொருள், நிலவுக்கு என்ன பொருள் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். முதலில் அமைப்பு, அதன்வழி உணர்வு, கடைசியில் குறியீடு என்ற வரிசையையே நான் பரிந்துரைப்பேன். பயிற்சிக்கு, ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஹ் 1808 முதல் 1810 வரை தீட்டிய ‘கடலோரத் துறவி’யை இணையத்தில் பெரிய அளவில் திறந்துகொள்ளுங்கள்.

படி 1: தொடுவானத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 110 செ.மீ. உயரமுள்ள இந்த ஓவியத்தில் வெளிறிய மணற்கரையும் கரிய பட்டையாய்க் கடலும் அடியிலேயே ஒடுங்கிவிட, முக்கால் பங்குக்கும் மேல் வானமே நிறைந்திருக்கிறது.

படி 2: மனித உருவத்தைத் தேடுங்கள். துறவி மிகச் சிறியவர். அவருடைய தலைகூடத் தொடுவானத்தைத் தாண்டவில்லை.

படி 3: எது இல்லை என்று கேளுங்கள். இதுவே மிக முக்கியமான படி. இங்கே நிதானமாக நில்லுங்கள். அக்கால நிலக்காட்சிகளில் இருபுறமும் மரங்கள் நின்று பார்வையை உள்ளே அழைத்துச் செல்வது வழக்கம். இதிலோ கண் பற்றிக்கொள்ள எதுவுமே இல்லை. ஃப்ரீட்ரிஹ் முதலில் கடலில் பாய்மரக் கப்பல்களை வரைந்து, பிறகு மறைத்துவிட்டார் என்பதை அகச்சிவப்புக் கதிர் ஆய்வு காட்டியிருக்கிறது. கப்பல் இருந்திருந்தால் நம் மனம் அதன் பயணத்தைப் பின்தொடர்ந்திருக்கும். அது நீங்கியதால் துறவியின் தனிமை நம்முடையதாகிறது. 1810இல் பெர்லினில் இதைக் கண்ட எழுத்தாளர் க்ளைஸ்ட், பார்ப்பவரின் கண்ணிமைகளையே வெட்டி எடுத்துவிட்டதுபோல் இருக்கிறது என்று எழுதினார்.

படி 4: இப்போது குறியீட்டுக்கு வாருங்கள். இதன் இணை ஓவியமான ‘ஓக் காட்டில் மடாலயம்’, ஃப்ரீட்ரிஹ் பிறந்த க்ரைஃப்ஸ்வால்ட் நகருக்கு அருகிலுள்ள எல்டெனா மடத்தின் இடிபாட்டைக் கொண்டு அமைந்தது. இலையற்ற மரங்களையும் சவப்பெட்டியைச் சுமந்து செல்லும் துறவிகளையும் மட்டும் பார்த்தால் மரணம் என்று முடித்துவிடுவோம். ஆனால் கீழ்ப்பகுதி இருளில் கிடக்க, மேலே வானம் வெளிச்சமாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான், பலர் இதில் மறுமையின் நம்பிக்கையைக் காண்பதற்கான காரணம் புரியும். குறியீடு எதுவும் தனியாகப் பொருள் தருவதில்லை. அது நிற்கும் இடமும் அதன்மேல் விழும் ஒளியுமே பொருளைத் தீர்மானிக்கின்றன.

அடுத்து, ஹாம்பர்க் கலைக்கூடத்திலுள்ள அவருடைய ‘பனிக்கடல்’ ஓவியத்தில் இதே நான்கு படிகளையும் நீங்களே செய்து பாருங்கள். வலப்புறம் நொறுங்கிக் கிடக்கும் கப்பலைக் கண்டதும், அதை ஏன் இவ்வளவு சிறிதாக வரைந்தார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.