அமிலத்தின் செறிவு கூடினால் வினை எவ்வளவு வேகமாகும்? நாலு பீக்கரில் அளந்து பார்க்கும் முறை

பல வருடமாகப் பள்ளி ஆய்வகத்தில் இந்தச் சோதனையைச் செய்து காட்டுகிறேன். "செறிவு கூடினால் வினைவேகம் கூடும்" என்று மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். எவ்வளவு கூடும், அளந்து சொல் என்றால் அங்கேதான் திணறுவார்கள். அளப்பதற்கு எனக்குப் பிடித்த வழி மக்னீசியம் நாடாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும்தான்.

லிட்டருக்கு 2 மோல் (பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) செறிவுள்ள அமிலத்தை ஆய்வக ஆசிரியரிடம் தயாராக வாங்கிக்கொள்ளுங்கள். அடர் அமிலத்தை நீங்களே நீர்க்கச் செய்யப் போகவேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளியே வருவது ஹைட்ரஜன் என்பதால் பக்கத்தில் நெருப்பே கூடாது.

ஒரே அளவிலான நாலு பீக்கர்களை வரிசையாக வையுங்கள். முதலாவதில் 30 மில்லி தண்ணீர், அதன்மேல் 10 மில்லி அமிலம். அடுத்ததில் இருபதுக்கு இருபது. மூன்றாவதில் 10 மில்லி தண்ணீரும் 30 மில்லி அமிலமும். கடைசியில் 40 மில்லியும் அமிலம். எப்போதும் தண்ணீர்தான் முதலில், அமிலம் பிறகு. இப்போது உங்களிடம் 0.5, 1.0, 1.5, 2.0 என நாலு செறிவுகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் மொத்தம் அதே 40 மில்லி. காய்ச்சி வடித்த நீரையும் அமிலத்தையும் அரை மணி நேரம் முன்பே ஒரே மேசையில் வைத்துவிட்டால் வெப்பநிலை சமமாகிவிடும்.

அப்புறம் நாடா. 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு நாலு துண்டுகள் வெட்டி, உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தேயுங்கள். மங்கிய சாம்பல் நிறம் போய்ப் பளபளப்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டு ஒரு வருடம் மாட்டிக்கொண்டேன். ஒரு குழுவுக்கு 1.5 பீக்கரில் ஆன நேரம், 1.0 பீக்கரில் ஆனதைவிட அதிகமாக வந்தது. அமிலத்தைக் கலந்ததில் தவறு என்று எல்லாரும் தேடினோம். கடைசியில் பார்த்தால், அந்தத் துண்டைத் தேய்க்கவே இல்லை. மேலே படிந்திருந்த ஆக்சைடு படலம் கரைந்த பிறகுதான் உலோகத்தை அமிலம் தொட்டிருக்கிறது. அன்றிலிருந்து நாலு துண்டையும் நானே கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் போடச் சொல்கிறேன்.

துண்டைப் போட்ட கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். நாடா மிதந்து மேலே வரும், ஏனென்றால் குமிழ்களே அதைத் தூக்கிவிடும். பாதி வெளியே நின்றால் கணக்கு கெடும். கண்ணாடிக் கோலால் மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே இருங்கள், நாலு பீக்கரிலும் ஒரே மாதிரி. துண்டு முழுதாக மறைந்ததும் நிறுத்துங்கள்.

நேரத்தைக் குறிப்பதோடு நிற்காமல் கிட்டே குனிந்து பாருங்கள். 0.5 பீக்கரில் நாடாவின் விளிம்பிலிருந்து குமிழ்கள் ஊசிமுனை அளவில் வரிசை வரிசையாக ஏறும், எண்ணிவிடலாம் போல இருக்கும். 2.0 பீக்கரில் எண்ணவே முடியாது. நாடாவைச் சுற்றிப் பால் கலந்தது போல வெண்மையாகிவிடும், துண்டு துடித்துச் சுழலும். உலோகத்தோடு வினைபுரிவது அமிலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற ஹைட்ரஜன் துகள். ஒரே கனஅளவில் அயனிகள் நெருக்கமாக இருந்தால், ஒரு நொடியில் நாடாவில் மோதும் எண்ணிக்கை கூடுகிறது. அந்த நெருக்கத்தைத்தான் கண்ணால் பார்க்கிறீர்கள்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அதிகச் செறிவில் ஹைட்ரஜன் வேகமாக வருமே தவிர, அதிகமாக வராது. நாலு பீக்கரிலும் அமிலம் தேவைக்கு மேல் இருக்கிறது. நாடா தீர்ந்ததும் வினை நின்றுவிடும். ஒரே அளவு நாடா என்றால் ஒரே அளவு வாயுதான்.

ஒவ்வொரு செறிவையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பிறகு 1-ஐ அந்த நேரத்தால் வகுங்கள், வேகத்துக்கு அதுதான் அளவு. 20 நொடி ஆனால் 0.05. இதைச் செங்குத்து அச்சிலும் செறிவைக் கிடை அச்சிலும் வைத்து வரைந்தால் கோடு மேலே ஏறுவது தெரியும். செறிவு இரண்டு மடங்கானால் நேரம் சரிபாதியாக வந்தே தீரும் என்று நினைத்துக்கொண்டு எண்களைத் திருத்தாதீர்கள். வந்ததை வந்தபடி எழுதுங்கள். வினை வெப்பத்தை வெளியிடுகிறது, கரைசல் கொஞ்சம் சூடாகிறது, அதுவும் வேகத்தில் கை வைக்கும்.

1850-ல் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் அமிலத்தில் சர்க்கரைக் கரைசல் சிதைவதை இப்படித்தான் நேரம் வைத்து அளந்தார். அங்கே அமிலம் செலவாகவில்லை, வினையூக்கியாக மட்டுமே இருந்தது. ஆனாலும் அதன் செறிவைக் கூட்டியபோது வேகம் கூடியது.

நேரமிருந்தால் ஐந்தாவது பீக்கர் ஒன்று வையுங்கள். அதில் 1.0 செறிவில் அசிட்டிக் அமிலம் 40 மில்லி. செறிவு இரண்டாவது பீக்கரில் உள்ளதுதான், நாடாவோ மிக மெதுவாகக் கரையும். அசிட்டிக் அமிலம் வலிமை குறைந்தது, அந்தச் செறிவில் சுமார் 0.4 சதவீதம்தான் அயனியாகிறது. பாட்டிலில் எழுதியிருக்கும் எண்ணைவிட, அந்த நேரத்தில் கரைசலில் தனித்து நிற்கும் அயனிகள் எத்தனை என்பதே வேகத்தை முடிவு செய்கிறது. செறிவு கூடியும் வேகம் கூடாத இடமும் உண்டு: அடர் நைட்ரிக் அமிலத்தில் இரும்பைப் போட்டால், மேலே ஆக்சைடு படலம் மூடிக்கொண்டு வினையே அடங்கிவிடும்.

முடித்ததும் எல்லா பீக்கரிலும் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். நுரைப்பது நின்றதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டிவிடலாம்.