வட பசிபிக் கரைக் காடுகளில் சிலந்திக் கணக்கெடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழிப்பொறியை, அதாவது நடந்துவரும் சிலந்தி விழுவதற்காக மண்ணில் புதைத்த கோப்பையை, திறந்தால் உள்ளே முக்கால் கோப்பை மழைநீர். மேலே மிதக்கும் ஹெம்லாக் இலைகள், ஒரு நத்தை, நாலைந்து வண்டுகள், ஊறி வெளுத்துப்போன இரண்டு சிலந்திகள். வான்கூவர் தீவில் நான் முதன்முதலாக வைத்த இருபது பொறிகளில் பதினான்கு இப்படித்தான் வீணாயின. கூரை போட்டிருந்தேன். ஆனால் அந்தத் தட்டு கோப்பையைவிட ஒரு விரல் அகலம்தான் பெரிது. போதாக்குறைக்கு, மண் இளகலாக இருந்ததால் தோண்டச் சுலபம் என்று, மழை பெய்தால் தண்ணீர் ஓடுகிற பள்ளத்திலேயே வரிசையாகப் புதைத்திருந்தேன்.

வட கலிஃபோர்னியாவில் தொடங்கி ஒரிகன், வாஷிங்டன், பிரிட்டிஷ் கொலம்பியா வழியாகத் தெற்கு அலாஸ்கா வரை கடலை ஒட்டி நீளும் குளிர் மழைக்காடுகளைப் பற்றிப் பேசுகிறேன். சிட்கா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக், சிவப்பு சிடார், டக்ளஸ் ஃபிர் மரங்கள். பல இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. விழுந்த மரத்தின் மேலும் நிற்கிற மரத்தின் மேலும் கல்லின் மேலும் பாசி. வெப்பமண்டலக் காட்டிலோ ஐரோப்பியப் புல்வெளியிலோ பழகிய முறையை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே வந்தால் காடு கையை விரித்துவிடும். இங்கே நடக்கும் தவறுகளில் முக்கால்வாசிக்கு வேர் ஒன்றே: நம் பொறியில் விழுந்ததையே காட்டின் கணக்கு என்று எடுத்துக்கொள்வது.

குழிப்பொறியை மட்டும் நம்புவது

குழிப்பொறி மலிவு, நாம் தூங்கும்போதும் வேலை செய்யும். அதனாலேயே பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் குழிப்பொறி ஓரிடத்தில் எத்தனை சிலந்திகள் இருக்கின்றன என்று சொல்லாது. எத்தனை அந்தப் பக்கம் நடந்தன என்றுதான் சொல்லும். துணை தேடி அலையும் ஆண் சிலந்திகள் நிறைய விழும். வலையிலேயே உட்கார்ந்திருக்கும் பெண் விழாது. இந்தக் காடுகளில் அன்ட்ரோடயீட்டஸ் என்ற வளைச் சிலந்தி உண்டு. பெண் ஆண்டு முழுவதும் தன் மண்வளைக்குள்ளேயே காலத்தை ஓட்டுகிறது. ஆணோ கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் வெளியே கிளம்பி வரிசையாகப் பொறிக்குள் விழும். அக்டோபர் கோப்பைகளை மட்டும் பார்த்தால் ஆண்களால் ஆன காடு என்று தோன்றும். ஜூன் கோப்பைகளைப் பார்த்தால் அந்தச் சிலந்தியே இங்கே இல்லை என்று எழுதத் தோன்றும்.

பொறி வைப்பதிலும் கவனிக்கச் சில உண்டு. கோப்பையின் விளிம்பு தரைமட்டத்துக்குச் சரியாக, அல்லது ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும். சற்றே தூக்கலாக நின்றாலும் சின்னச் சிலந்திகள் சுற்றிக்கொண்டு போய்விடும். கூரை நாலாபக்கமும் ஒரு கையகலம் நீண்டிருக்கட்டும். குழி தோண்டிய கையோடு கணக்கைத் தொடங்க வேண்டாம். கிளறிய மண் முதல் சில நாட்களுக்கு வழக்கத்துக்கு மாறான கூட்டத்தை இழுக்கும். மூடி போட்டு ஒரு வாரம் ஆறவிட்டுத் திறப்பது நல்லது. ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் பத்து மீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் வரவை மற்றொன்று தின்றுவிடும்.

உள்ளே ஊற்றுவது எது என்பதும் சின்ன விஷயமல்ல. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். குடிக்கும் விலங்கைக் கொல்லும். புரொப்பிலீன் கிளைக்கால் பாதுகாப்பானது. அதில் ஒரு சொட்டு வாசனையில்லாத சோப்புத் திரவம் கலந்தால் சிலந்தி மேலே மிதந்து ஏறித் தப்பாமல் அமிழும். உப்புக் கரைசல் வைத்தால் மான் வந்து நக்கிவிட்டுப் போகும். கரடிக்குக் காரணமே வேண்டாம், தோண்டிப் போடும். எனக்கு இன்றும் மனம் ஒப்பாத விஷயம் மூஞ்சூறும், பல்லி போலிருக்கும் நீர்நில வாழ்வியான சாலமாண்டரும்தான். வாய் அகன்ற ஆழமான கோப்பையில் விழுந்தால் அவை வெளியே வர முடியாது. வாய் குறுகிய கோப்பையை எடுத்து, மேலே பெரிய கண்ணி வலைத் துண்டு ஒன்றைப் பொருத்தினால் இந்த இழப்பைப் பெருமளவு தவிர்க்கலாம். சிலந்தி வரவு அதனால் பெரிதாகக் குறையாது.

பாசியை விட்டுவிடுவது

இந்தக் காடுகளின் சிலந்தி வளம் கண்ணுக்குத் தெரியும் வட்டவலைகளில் இல்லை. வடக்கே போகப் போக லினிஃபியிடே குடும்பத்தின் கை ஓங்கும். பெரும்பாலானவை ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். பாசிக்கும் சருகுக்கும் நடுவே சின்ன விரிப்பு வலை கட்டி வாழ்பவை. வெறுங்கண்ணுக்குக் கறுப்புப் புள்ளி. நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், சில ஆண்களின் தலையில் மேடு, கொம்பு, கோபுரம் எல்லாம் எழும்பி நிற்கும், அதன் உச்சியில் கண்கள். இவற்றோடு யூசோஃபிலா போன்ற ஆறு கண் குட்டிச் சிலந்திகளும் சருகின் அடியில் இருக்கும். நடந்துபோகிறபோது எட்டிப் பார்ப்பவருக்கு இதில் எதுவும் சிக்காது.

பாசியையும் சருகையும் சல்லடையில் சலித்து, மேலே விளக்கு வைத்த புனலில் போட்டு உலர்த்த வேண்டும். இங்கே எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஈரப் பாசிக்கு மேல் அதிக வாட் விளக்கை வைத்தால் மேல்பக்கம் மொறுமொறுவென்று காய்ந்து, சின்னச் சிலந்தி கீழே இறங்கும் முன்பே செத்துவிடும். குறைந்த வெப்பம், ஐந்தாறு நாள் பொறுமை. மழைநாளில் அடியில் துணி விரித்துக் கிளை தட்டுவதும் வீண்தான். நனைந்த துணியில் விழுந்த சிலந்தி தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கப் போனால் கால் கையோடு வரும். அன்றைக்குச் சருகு மூட்டை கட்டிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்புவதே புத்திசாலித்தனம்.

தலைக்கு மேலேயும் காடு இருக்கிறது. வான்கூவர் தீவின் கார்மானா பள்ளத்தாக்கில் 1990களில் நெவில் வின்செஸ்டர் குழுவினர் ஸ்ப்ரூஸ் மரங்களின் உச்சியில் மேடை கட்டிப் பூச்சிகளையும் பிற கணுக்காலிகளையும் ஆராய்ந்தார்கள். கிளைகளின் மேல் படிந்த பாசியும் மக்கிய சருகும் தனி மண்ணாகவே நடந்துகொள்கின்றன, அங்குள்ள கணுக்காலிக் கூட்டம் தரையில் இருப்பதன் நகலல்ல என்று அந்த ஆய்வுகள் காட்டின. எல்லோராலும் கயிறு கட்டி ஏற முடியாது, பரவாயில்லை. புயலில் புதிதாக விழுந்த கிளைகளைச் சாக்கில் போட்டுத் தட்டலாம். அறிக்கையில் 'காட்டின் சிலந்திகள்' என்று எழுதாமல் 'தரை முதல் இரண்டு மீட்டர் வரை' என்று எழுதலாம். இந்தப் பக்கச் சிலந்திகளோடு நெடுங்காலம் உழைத்தவர் சியாட்டில் பர்க் அருங்காட்சியகத்தின் ராட் க்ராஃபோர்ட். தரையில் கிடக்கும் பைன் காய்களைத் துணிவலைக்குள் தட்டித் தட்டிச் சிலந்தி எடுப்பது அவருக்குப் பிடித்த வழி. முதலில் கேட்டபோது சிரித்தேன். செதில்களுக்கு நடுவே எத்தனை ஒளிந்திருக்கின்றன என்று பார்த்த பிறகு சிரிப்பதில்லை.

ஒரே பருவம், ஒரே வேளை

ஜூலையில் வெயில் அடிக்கும், விடுமுறையும் கிடைக்கும். அதனால் பெரும்பாலான கணக்கெடுப்பு ஜூலையில் நடக்கிறது. பல இனங்கள் மே, ஜூனில் பருவமடைந்து ஓய்ந்திருக்கும். வட்டவலைச் சிலந்திகள் ஆகஸ்ட் முடிவில்தான் முழுசாக வளரும். லினிஃபியிடே குடும்பத்தில் சில குளிர்காலத்திலும் பனி உருகும் சமயத்திலும்தான் வளர்ந்த நிலையில் கிடைக்கும். ஒரே முறைதான் போக முடியும் என்றால் போங்கள். ஆனால் வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று பிரிக்க வழியிருந்தால், ஜூலையில் இரண்டு வாரம் இருப்பதைவிட அது மேல்.

இரவையும் விட்டுவிடக் கூடாது. சிலந்தி ஆய்வாளர் ஜோனதன் கோடிங்டனும் சகாக்களும் 1991இல் வெப்பமண்டலக் காடுகளுக்காக முன்வைத்த முறையில் நல்ல யோசனை ஒன்று உண்டு: முழங்காலுக்குக் கீழே தேடுவது, மேலே தேடுவது, கிளை தட்டுவது என ஒவ்வொரு வேலைக்கும் ஒருமணி நேரம் ஓர் அலகு. யார் தேடினார், எந்த வேளை என்பதும் பதிவாகும். இந்த அலகை இங்கேயும் வைத்துக்கொள்ளலாம். நெற்றி விளக்கோடு போனால் ஓநாய்ச் சிலந்தியின் கண் மின்னும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் இந்தக் காட்டில் ஒவ்வொரு பாசிநுனியிலும் ஒரு நீர்த்துளி மின்னும். முதல் இரவு முழுக்க நான் துளிகளைத்தான் துரத்தினேன்.

குஞ்சுகளுக்கும் புகைப்படத்துக்கும் பெயர் வைப்பது

கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் வளராத குஞ்சுகளாக இருப்பது சாதாரணம். இனம் பிரித்துச் சொல்ல ஆணின் பால்ப் உறுப்பும் (வாயருகே இருக்கும் இனப்பெருக்க உறுப்பு) பெண்ணின் எபிஜைனும் (வயிற்றின் அடியில் இருக்கும் இனப்பெருக்கத் தகடு) வேண்டும். இரண்டும் கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் முழு உருவம் பெறும். குஞ்சுக்குக் குடும்பம் சொல்லலாம், சில சமயம் பேரினம் சொல்லலாம். அதோடு நிறுத்த வேண்டும். 'இனம் ஒன்று', 'இனம் இரண்டு' என்று குஞ்சுகளுக்குத் தனி எண் போட்டால், ஒரே இனத்தின் தாயும் பிள்ளையும் பட்டியலில் இரண்டு இனங்களாக உட்கார்ந்துகொள்ளும். எண்ணிக்கை கூடியதில் நமக்கு உள்ளூர மகிழ்ச்சியாக வேறு இருக்கும்.

இந்தக் கரையில் சைபீயஸ் பேரினம் ஒரு நல்ல பாடம். எல்லாம் பழுப்பு, எல்லாம் நடுத்தர உருவம், எல்லாம் மரத்துண்டுக்கு அடியில். மேலிருந்து எடுத்த படத்தை வைத்து இன்ன இனம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பெண்ணின் எபிஜைனை வெட்டியெடுத்து, தெளிய வைத்து, உட்குழாய்களைப் பார்த்தால்தான் பல இனங்கள் பிரியும். மரபணு உதவும்: கனடாவின் சிலந்திகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்கு மரபணுப் பட்டைக்குறி நூலகம், அதாவது இனத்தை அடையாளம் காட்டும் சிறு மரபணுத் துண்டுகளின் தொகுப்பு, 2016இல் வெளியாகிவிட்டது. அதிலும் சில நெருங்கிய இனங்கள் ஒரே குறியைப் பகிர்கின்றன. ஆகவே மாதிரியைத் தூக்கி எறிந்துவிட்டுக் குறியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

மாதிரியைக் காப்பதிலும் கவனம் வேண்டும். உருவம் பார்க்க 70 முதல் 80 சதவீத எத்தனால் போதும். மரபணுவுக்கு 95 சதவீதமும் குளிர்ச்சியும் வேண்டும், ஆனால் அதில் கால்கள் விறைத்து ஒடியும். ஈரப் பாசியில் இருந்து வந்த சிலந்தி தன்னோடு தண்ணீரையும் கொண்டுவரும். மறுநாள் எத்தனாலை மாற்றாவிட்டால் குப்பியில் இருப்பது நீர்த்த சாராயம். சீட்டைக் குப்பிக்கு வெளியே ஒட்டாதீர்கள். கெட்டித் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள். பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்து, ஒரு மாதத்தில் வெறும் நீலத் தண்ணீராகிவிடும். அப்படி இடமும் நாளும் தொலைந்த பதினோரு குப்பிகளை என்னிடம் இன்னும் வைத்திருக்கிறேன். அவற்றை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

எண்களில் சறுக்குவது

முதிர்ந்த காட்டையும் வெட்டி மறுபடி வளர்ந்த காட்டையும் ஒப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதிர்ந்த காட்டுத் துண்டு ஒன்றில் இருபது பொறி, மறுவளர்ச்சித் துண்டு ஒன்றில் இருபது பொறி. இது இருபதுக்கு இருபது ஒப்பீடு அல்ல, ஒன்றுக்கு ஒன்று. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இலேயே இதைப் போலி மறுபதிவு என்று பெயர் சொல்லிக் கண்டித்தார், இன்றும் நடக்கிறது. பொறிகளைக் குறைத்துக் காட்டுத் துண்டுகளைக் கூட்டுங்கள்.

அடுத்து, ஓரிடத்தில் 900 சிலந்தியில் 70 இனம், இன்னோரிடத்தில் 300இல் 50 இனம் என்றால் முதலாவது வளமானது என்று எழுதக் கூடாது. அதிகம் பிடித்தவருக்கு அதிக இனம் கிடைக்கும். முதலாவதில் இருந்தும் குலுக்கி 300 எடுத்தால் எத்தனை இனம் வரும் என்று கணக்கிட்டு ஒப்பிட வேண்டும்.

ஒரே ஒரு முறை மட்டும் கிடைத்த இனங்களை 'தற்செயல்' என்று அழித்துவிடுவது இன்னொரு வழக்கம். சிலந்திகள் நூல் விட்டுக் காற்றில் பறந்து வருவதால் அப்படிச் சில வழிப்போக்கர்கள் இருக்கலாம். ஆனால் கோடிங்டன் குழு 2009இல் வெப்பமண்டலக் கணக்கெடுப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாக 32 சதவீத இனங்கள் ஒற்றைகளாக இருந்தன. போதுமான அளவு சேகரிக்காததே அதற்கு முதல் காரணம் என்று அவர்கள் வாதிட்டார்கள். ஒற்றைகள்தான் நாம் விட்டதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சிகள். புள்ளியியலாளர் ஆன் சாவோ 1984இல் தந்த கணக்கு அதையே பயன்படுத்துகிறது. உதாரணத்துக்கு, கிடைத்தவை 60 இனங்கள், அவற்றில் ஒரு முறை வந்தவை 18, இரு முறை வந்தவை 9. பதினெட்டின் வர்க்கம் 324. அதை ஒன்பதின் இரு மடங்கான 18ஆல் வகுத்தால் 18. அதைக் கிடைத்த 60உடன் கூட்டினால், ஆகக் குறைந்தது 78 இனங்கள் அங்கே இருக்க வேண்டும். 'குறைந்தது' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இந்தக் கணக்கு தருவது கீழ் எல்லை மட்டுமே. ஒற்றைகளைக் குப்பையில் போட்டவருக்கு இந்தக் கதவே திறக்காது.

வந்தேறிகளைத் தனியாகக் குறிக்க வேண்டும். ஐரோப்பாவில் இருந்து வந்த அரனியஸ் டயடெமாட்டஸ் இந்தக் கரையின் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் கொழுத்துக் கிடக்கிறது. டெனுயிஃபான்டஸ் டெனுயிஸ் என்ற சின்ன விரிப்பு வலைச் சிலந்தியும் அப்படியே. சாலையோரத்தில் பொறி வைத்துவிட்டு இனங்களின் எண்ணிக்கை கூடிவிட்டது, காடு செழிக்கிறது என்று எழுதினால், செழித்தது சாலை.

கடைசியாக, எல்லோரும் முதலில் செய்ய வேண்டியதைச் சிலர் கடைசியில் செய்கிறார்கள்: அனுமதி. பூங்காக்களில் சேகரிப்புக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். பழங்குடி மக்களின் நிலத்தில் அவர்கள் சம்மதம் வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தில் உள்ள குவாய் ஹானாஸ் பகுதியை 1993 ஒப்பந்தத்தின்படி ஹைடா மக்களும் கனடா அரசும் சேர்ந்தே நிர்வகிக்கிறார்கள். விண்ணப்பம் அங்கே போய்த் திரும்ப மாதங்கள் ஆகலாம். மே மாதப் பொறிக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே எழுதிப் போடுங்கள். மாதிரிகள் கடைசியில் எந்த அருங்காட்சியகத்துக்குப் போகும் என்பதையும் அதே விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். அங்கே குப்பியின் அளவு, சீட்டின் அளவு, மூடியின் வகை எல்லாவற்றுக்கும் அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு குப்பி வாங்குவது நல்லது.