போலி மின்னஞ்சலை இனங்காணுதல்: பெயரை விட்டு முகவரியைப் படியுங்கள்

இலங்கையின் ஹட்டனில் நான் நடத்தும் கொமியூனிகேஷன் கடைக்கு வருபவர்களில், "அண்ணே, பார்சலுக்குக் காசு கட்டச் சொல்லி மெயில் வந்திருக்கு, உண்மையா பாருங்க" என்று கைத்தொலைபேசியை நீட்டுவோர் இப்போது அதிகம். பொதி, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு, வெளிநாட்டு வேலை என்று கதை மாறினாலும் அமைப்பு ஒன்றுதான். தெரிந்த சின்னம் ஒன்று, 24 மணித்தியாலத் தவணை ஒன்று, அழுத்தச் சொல்லும் பொத்தான் ஒன்று. ஜிமெயில் பயன்படுத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்குத் திறப்பது போன்ற அடிப்படைகளை விளக்கப்போவதில்லை.

படிகளுக்கு முன், எழுத்துப்பிழை இருந்தால் அது போலி என்ற பழைய அறிவுரையைக் கைவிட்டுவிடுங்கள். இன்று இயந்திரமே பிழையில்லாத ஆங்கிலமும் ஓரளவு நல்ல தமிழும் எழுதித் தருகிறது. உண்மையான அரச அறிவித்தல்களின் தமிழிலேயே பிழை மலிந்துள்ள நம் நாட்டில், பிழையை அளவுகோலாக வைத்தால் உண்மையான கடிதங்களைத்தான் முதலில் கிழித்துப்போடுவோம்.

முதற்படி. மின்னஞ்சலைத் திறக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் எதையும் அழுத்த வேண்டாம். தொலைபேசிச் செயலி அனுப்புநரின் பெயரை மட்டும் பெரிதாகக் காட்டி, முகவரியை மறைத்துவிடுகிறது. அந்தப் பெயர் அனுப்புபவர் தாமாகவே இட்டுக்கொள்வது. அதில் எந்த வங்கியின் பெயரையும் எழுதலாம். பெயருக்குக் கீழே, பெறுநரைக் குறிக்கும் வரியின் ஓரத்திலுள்ள சிறிய அம்புக்குறியைத் தொட்டால் முழு முகவரி விரியும்.

இரண்டாம் படி. அட் குறிக்குப் பிறகு வரும் பகுதியை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். தபால் திணைக்களத்தின் தளம் எஸ்எல்போஸ்ட்.ஜிஓவி.எல்கே. மோசடிக்காரர் இதை எஸ்எல்போஸ்ட்.ஜிஓவி.எல்கே-பார்சல்.டொப் என்று நீட்டலாம். இடமிருந்து படிக்கும் கண்ணுக்குத் திணைக்களம்தான் தெரியும். வலமிருந்து படித்தால் முதலில் டொப், அதற்கு முன் எல்கே-பார்சல். ஆகவே இதன் உரிமையாளர், எல்கே-பார்சல்.டொப் என்ற பெயரைக் காசு கொடுத்துப் பதிவுசெய்த யாரோ ஒருவர்தான். அதற்கு இடப்பக்கத்தில் புள்ளி வைத்து எதைச் சேர்க்கவும் அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இலங்கையைக் குறிக்கும் எல்கேயில் முடியும் முகவரிகளில், கொம்.எல்கே, ஜிஓவி.எல்கே போன்றவற்றை ஒரே அலகாக எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னுள்ள சொல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரச நிறுவனம் என்றால் ஜிஓவி.எல்கேயில்தான் முடிய வேண்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். பரீட்சைத் திணைக்களம் டிஓஈநெட்ஸ்.எல்கே என்ற முகவரியையும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் எஸ்எல்பிஎப்ஈ.எல்கே என்ற முகவரியையும் பயன்படுத்துகின்றன. எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்: ஆங்கில ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் சிறிய திரையில் எம் போலவே தெரியும், சிறிய எல் இருக்க வேண்டிய இடத்தில் 1 என்ற இலக்கம் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம் படி இணைப்பு. தொலைபேசியில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் உண்மையான முகவரி தெரியும். கணினியில் சுட்டியை மேலே நிறுத்தினாலே போதும். இங்கே, முகவரியின் தொடக்கத்திலுள்ள எச்டிடிபிஎஸ்ஸை அடுத்துள்ள இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். உலாவியின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னத்தை நம்ப வேண்டாம். தொடர்பு இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை, போலித் தளங்களும் அதை இலவசமாகவே பெறுகின்றன. குரோம் உலாவி 2023ஆம் ஆண்டில் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

நான்காம் படிதான் பலரைத் தடுமாற வைக்கிறது. முகவரி சரியாகவே தெரிந்தாலும் அது உண்மைதானா என்று பார்ப்பது இது. ஜிமெயில் செயலியில் இதற்கு வழியில்லாததால், கணினியில் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, "அசலைக் காட்டு" என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநரைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இருக்கவில்லை. தோட்டத்து ஒபீசுக்கு வரும் கடித உறையின் பின்புறத்தில் யாரும் எந்தப் பெயரையும் எழுதலாம் என்பது போலத்தான் இதுவும். அந்தக் குறையை நிரப்பப் பின்னர் வந்தவையே எஸ்பிஎப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்றும். முதலாவது, மின்னஞ்சலை அனுப்பிய சேவையகத்துக்கு அந்தப் பெயரில் அனுப்பும் உரிமை உண்டா என்று பார்க்கிறது. இரண்டாவது, மின்னஞ்சலில் இடப்பட்ட எண்முறைக் கையொப்பத்தைச் சோதிக்கிறது. மூன்றாவது, இவற்றில் ஒன்றாவது நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடுகிறது.

"அசலைக் காட்டு" விரிக்கும் பக்கத்தில் மூன்றுக்கும் எதிரே "பாஸ்" என்று இருந்தால் மின்னஞ்சல் நம்பத்தக்கது என்று பலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். அது தவறு. எல்கே-பார்சல்.டொப்பைப் பதிவுசெய்த மோசடிக்காரர், தம் சொந்தப் பெயருக்கு இந்த மூன்றையும் முறையாகவே அமைத்துக்கொள்ளலாம்; அப்போது மூன்றும் பாஸ் ஆகும். பெறுபேறு சொல்வது இந்த மின்னஞ்சல் அந்த முகவரியிலிருந்துதான் வந்தது என்பதை மட்டுமே. அந்த முகவரிக்காரர் யோக்கியரா என்பதை அன்று. ஆகவே பாஸ் என்ற சொல்லைத் தாண்டி, டிகிம் வரியில் எழுதப்பட்டுள்ள பெயரை இரண்டாம் படியில் சொன்னவாறு படியுங்கள். மறுபுறம், முகவரி வங்கியுடையதாகவே இருந்து டிமார்க் "பெயில்" ஆகியிருந்தால், அதிலுள்ள எதையும் தொடாமல் வங்கிக்கு அழைத்துக் கேளுங்கள்.

இத்தனையும் செய்ய நேரமில்லாதவர்களுக்கு என் பரிந்துரை பிட்வார்டன் என்ற கடவுச்சொல் காப்பகம். இலவசப் பதிப்பே போதும். சேமித்த தளத்தில் மட்டுமே அது கடவுச்சொல்லை நிரப்பத் தரும் என்பதால், போலித் தளத்தில் கைவிரித்துவிடும். தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடான ஓடிபி இருக்கிறதே என்ற துணிச்சல் வேண்டாம். போலித் தளம் அதையும் கேட்டு வாங்கி, அந்த நிமிடமே உண்மைத் தளத்தில் இட்டுவிடும். அட்டை விபரத்தைக் கொடுத்தாயிற்று என்றால், அட்டையின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்கு அழைத்து உடனே அட்டையை முடக்கச் சொல்லுங்கள். பிறகு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர், சந்தேகத்துக்குரிய மின்னஞ்சலை எனக்குப் போர்வர்ட் செய்து சோதிக்கக் கேட்டிருந்தார்கள். போர்வர்ட் செய்ததும் அனுப்புநர் நீங்களாகிவிடுகிறீர்கள். ஆகவே என் திரையில் உங்கள் ஜிமெயில் முகவரிதான் மூன்றிலும் பாஸ் ஆகிறது, மோசடிக்காரரின் தடயம் அழிந்துவிடுகிறது. கணினியில் அதே மூன்று புள்ளிகளுக்குள் மின்னஞ்சலைத் தரவிறக்கும் வசதி உண்டு. அவ்வாறு இறக்கிய கோப்பைப் புதிய மின்னஞ்சலொன்றில் இணைத்து அனுப்புங்கள். "அசலைக் காட்டு" என்பதில் தெரியும் அசல் தலைப்பு வரிகள் அதில் அப்படியே இருக்கும்.