தோட்டத்து அறை கட்டப் போகிறீர்களா? முதலில் மேற்குச் சுவரைப் பாருங்கள்

போன மாதம் திருச்சியில் ஒரு வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணமாகி மூன்று வருடம் ஆன இளம் தம்பதி. மாமரத்துக்குப் பக்கத்தில் 12க்கு 10 அடி அளவில் ஓர் அறை கட்டப் போகிறார்கள். நூல் பிடித்து, சுண்ணாம்பில் கோடும் போட்டாகிவிட்டது. அந்தத் தம்பி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி, வெளியே பச்சைப் புல், உள்ளே ஒரு வெள்ளை சோபா. "சாயங்காலம் சூரியன் மறையறதை இங்க உட்கார்ந்தே பார்க்கலாம்ணே" என்றார்.

2014இல் என் வீட்டில் நான் என் மனைவியிடம் சொன்னதும் இதேதான்.

பதினெட்டு வருடமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். கடைசி ஏழெட்டு வருடத்தில் தோட்டத்து அறை கேட்பவர்கள் அதிகம். சிலர் வீட்டில் அந்த அறையில்தான் குடும்பமே இருக்கிறது. சிலர் வீட்டில் இரண்டே வருடத்தில் பழைய சைக்கிளும் காலி பெயின்ட் டப்பாவும் குடியேறிவிட்டன. இந்த வித்தியாசம் செலவழித்த பணத்தால் வந்ததில்லை. கொடுத்த பணம் அநேகமாக ஒன்றுதான். சிமெண்ட் கலவை, ஒயரிங், எர்த் மாதிரி விஷயங்களை இங்கே சொல்லப் போவதில்லை. நல்ல கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் அவற்றைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் யாரும் சொல்லாமல் விடுகிற தவறுகள்தான் இவை.

மேற்கே கண்ணாடி

என் அறையின் மேற்குச் சுவர் முழுக்க 10க்கு 7 அடியில் கண்ணாடி வைத்தேன். திறக்க முடியாதபடி பதித்த கண்ணாடி. அலுமினியச் சட்டத்தோடு சேர்த்து 58,000 ரூபாய். தை மாதம் குடிபோனோம். தையிலும் மாசியிலும் சொர்க்கமாக இருந்தது. பங்குனியில் மாலை நான்கு மணிக்கு உள்ளே போன என் அம்மா, ஐந்து நிமிடத்தில் விசிறியோடு வெளியே வந்துவிட்டார். சித்திரையில் ஒருநாள் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். ஐந்து மணிக்கு மாமர நிழலில் 38 டிகிரி, அறைக்குள் 44.

யாரிடம் இதைச் சொன்னாலும் ஒரே பதில் வருகிறது: "ஸ்கிரீன் போட்டுக்கலாம்ணே." இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். நானும் ஸ்கிரீன் போட்டேன். கனமான துணியில், இரண்டு அடுக்காக. ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று கொஞ்சம் யோசித்தால் புரியும். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து துணியில் விழுகிறது. துணி சூடாகிறது. சூடான துணி வெளியிடும் வெப்பம் கண்ணாடி வழியாக வெளிச்சம் மாதிரி திரும்பிப் போக முடியாது, அறைக்குள்ளேயே தங்கிவிடும். பூட்டிய காரை வெயிலில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்குமே, அதே சூடு. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுத்தால்தான் உண்டு. உள்ளே வந்ததைத் தடுக்க ஒரு வழியும் கிடையாது.

அடுத்த பதில் "சன்ஷேடு இருக்கே" என்பது. இதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சூரியன் மாலையில் மணிக்குச் சுமார் 15 டிகிரி இறங்குகிறது. கோடையில் நம் ஊரில் ஆறரைக்கு மறைகிறது என்றால், நாலரை மணிக்கு அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்தக் கோணத்தில் 2 அடி சன்ஷேடு சுவரில் தரும் நிழல் வெறும் 1 அடி 2 அங்குலம். 7 அடிக் கண்ணாடியில் மீதி ஆறடிக்கும் நேர் வெயில். அதே சன்ஷேடு தெற்குச் சுவரில் இருந்தால், மார்கழி மாத நண்பகலில்கூட ஏறக்குறைய 3 அடிக்கு நிழல் கொடுக்கும். தெற்கு வெயிலைச் சன்ஷேடு தடுக்கும். மேற்கு வெயிலைத் தடுக்காது. இந்த வித்தியாசத்தை வரைபடம் போடுகிற பலரும் வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை.

அந்தக் கைப்பேசிப் படங்கள் வரும் ஊர்களையும் பாருங்கள். லண்டனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் 15 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். அங்கே வெயில் ஒரு வரம். கண்ணாடி அறை கட்டி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். திருச்சியில் அதே டிசம்பர் நண்பகலில் சூரியன் 56 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. அந்த மாதங்களில் அது மறைவதும் மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளித்தான். வெயிலை உள்ளே அழைக்கக் கட்டிய அறையைக் கொண்டுவந்து இங்கே வைத்தால், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அவதிப்படுவது நாம்.

ஸ்கிரீனுக்குப் பிறகு கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டினேன். வெளிச்சம் குறைந்தது, சூடு கொஞ்சம்தான் குறைந்தது, தோட்டத்தின் பச்சை சாம்பல் நிறமானது. அப்புறம் ஒன்றரை டன் ஏசி. மணிக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தாலும், தினம் நான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 360 யூனிட் கூடுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பணத்தைவிட ஒன்று என்னை அதிகம் வருத்தியது. ஏசிக்காகக் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. குயில் சத்தமும் மண் வாசமும் வேண்டும் என்று கட்டிய அறையில், கண்ணாடிக்குள் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்தோம். ஹாலிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

வேறொரு நஷ்டமும் இருந்தது. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் காற்று வருவதே மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சும்மா வந்த பழமொழி இல்லை. அந்தக் காற்று வரும் பக்கத்தைத்தான் நான் திறக்காத கண்ணாடியால் அடைத்திருந்தேன். வெயிலுக்கு வழிவிட்டுக் காற்றை மறித்த சுவர் அது.

மூன்றாவது வருடம் அந்தக் கண்ணாடியைக் கழற்றினேன். அந்த இடத்தில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலிச் சுவர் எழுப்பினோம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வீடு வீடாகச் செய்து காட்டிய முறைதான். காற்று வரும், வெயில் துண்டு துண்டாகத்தான் வரும், செங்கல்லும் குறைவாகவே பிடிக்கும். சுவருக்கு வெளியே மூன்றடி தள்ளி இரும்புக் குழாயில் பந்தல் போட்டு ரங்கூன் மல்லியை ஏற்றிவிட்டேன். கொடிக்கும் சுவருக்கும் நடுவே அந்த மூன்றடி அவசியம். ஒட்டி வளர்த்தால் சுவரில் ஈரம் ஏறும், எறும்பும் பூச்சியும் உள்ளே வரும். கொடி பந்தலை மூட ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை மூங்கில் தட்டியைக் கட்டித் தொங்கவிட்டோம், வெளிப்பக்கமாக.

கண்ணாடி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் வையுங்கள். காலை வெயில் பத்து மணிக்கெல்லாம் மேலே ஏறிப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பக்கத்திலிருந்து சாய்ந்து அடிக்கும் என்பதால் அங்கே கூரையை மூன்றடி வெளியே நீட்டுங்கள்.

தகரக் கூரை

மழைச் சத்தம் கேட்கலாம் என்று போடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது.

எதிர்ப்பக்கம் வழி இல்லாத ஜன்னல்

மூன்று ஜன்னலையும் தோட்டத்தைப் பார்த்த ஒரே சுவரில் வைக்கிறார்கள். காற்று உள்ளே வர வேண்டுமென்றால் வெளியே போகவும் வழி இருக்க வேண்டும். எதிர்ச் சுவரில், முடிந்தால் கொஞ்சம் உயரத்தில், சின்னதாக ஒரு திறப்பு போதும். சூடான காற்று மேலே ஏறுவது நமக்கு உதவியாக இருக்கும். எல்லாவற்றிலும் கொசுவலை போட்டுவிடுங்கள்.

தரையைத் தோட்டத்தோடு சமமாக வைப்பது

பார்க்க அழகாகத்தான் இருக்கும். கதவைத் திறந்தால் அப்படியே புல்லில் கால் வைக்கலாம். ஆனால் தோட்டத்து மண் ஒரே மட்டத்தில் நிற்காது. வருடா வருடம் எருவும் செம்மண்ணும் கொட்டுகிறோம், சருகு மக்குகிறது. ஐந்தாறு வருடத்தில் மண் அரையடி ஏறிவிடும். என்னிடம் கேட்காமல் வேறொருவரை வைத்துக் கட்டிய ஒரு வீட்டில், முதல் நான்கு மழைக்காலத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது ஐப்பசியில் சேற்றுத் தண்ணீர் உள்ளே வந்து, மர அலமாரியின் கால் ஊறி, அதைப் பிடித்துக்கொண்டு கரையானும் வந்தது.

பேஸ்மட்டத்தை மண்ணுக்கு மேல் ஒன்றரை அடியாவது தூக்குங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஆறு அங்குலத்துக்கு மேல் படி வேண்டாம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வையுங்கள். என் அம்மா அந்தக் கம்பி வந்த பிறகுதான் துணை இல்லாமல் போய்வர ஆரம்பித்தார்.

அறைக்கு ஒட்டி முருங்கை

மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி, காற்றில் முறியும் கிளை. புங்கை வையுங்கள்.

வீட்டை விட்டு விலகி, மூலையில் கட்டுவது

தனிமையாக இருக்கட்டும் என்று மனையின் கடைசியில் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். என் முதல் வாடிக்கையாளர் ஒருவர் அப்படித்தான் கேட்டார், நானும் கட்டிக் கொடுத்தேன். சமையலறையிலிருந்து அறுபது அடி. முதல் மாதம் விருந்தாளிகளை அழைத்துப் போய்க் காட்டினார்கள். அப்புறம் அங்கே போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. தினசரி வாழ்க்கையில் அப்படிக் காரணம் தேடிக்கொண்டு யாரும் எழுந்து போவதில்லை.

இப்போது யார் கேட்டாலும் ஒரு காரியம் செய்யச் சொல்கிறேன். டம்ளர் நிறையக் காபியை எடுத்துக்கொண்டு, அறை வரப்போகும் இடம் வரைக்கும் நடந்து பாருங்கள். சிந்தாமல், சூடு ஆறாமல், செருப்பு மாற்றாமல் போக முடிகிறதா? மழை நாளிலும் முடியுமா? முடியாது என்றால் இடத்தை மாற்றுங்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்து கூரை போட்ட நடை ஒன்றைச் சேர்த்துக் கட்டுங்கள்.

நம் பழைய வீடுகளில் இதற்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. முன்னால் திண்ணை, பின்னால் கொல்லைத் தாழ்வாரம். கீரை ஆய்வது, பூக் கட்டுவது, தலை பின்னுவது, பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே பாடம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அந்தத் தாழ்வாரத்தில்தான். அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து ஓடுகிற தூரம். தோட்டத்து அறையை அந்தத் தாழ்வாரத்தின் வாரிசாக நினைத்துக் கட்டியவர்கள் வீட்டில்தான் அது தினமும் புழங்குவதைப் பார்க்கிறேன். கட்டுவதற்கு முன் ஒரு வாரம், உங்கள் வீட்டில் யார், எந்த நேரத்தில், எங்கே உட்காருகிறார்கள் என்று கவனித்து எழுதி வையுங்கள். என்னிடம் வரும் எந்த வரைபடத்தையும்விட அந்தத் தாள் எனக்கு அதிகம் உதவும்.

வெள்ளை சோபா

கீரைக்கட்டோடு யாரும் அதில் உட்கார மாட்டார்கள்.

கண்ணைக் கூசும் விளக்கு

மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பும்போது தெரியும். பளீரென்ற வெள்ளை விளக்கை விட மஞ்சள் ஒளிக்குப் பூச்சி குறைவாகவே வரும். உள்ளே அதைப் போடுங்கள். வெள்ளை விளக்கு வேண்டுமென்றால் அறையிலிருந்து தள்ளி, தோட்டத்துக் கம்பத்தில் இருக்கட்டும். ஈசல் அங்கே போய்விடும்.

தொட்டிக்கு அடியில் தட்டு

வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காயவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும்.

கட்டி முடித்த பிறகு செடி வைப்பது

எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். கட்டட வேலை முடியட்டும், பெயின்ட் அடிக்கட்டும், அப்புறம் கொடி வைக்கலாம் என்று. நிழல் வருவதற்குள் ஒரு கோடை முழுதாகப் போய்விடும், அந்த ஒரு கோடையிலேயே வீட்டில் எல்லோருக்கும் அறை வெறுத்துப்போகும். அஸ்திவாரம் தோண்டும் வாரத்திலேயே மேற்கே கொடியை நடுங்கள். வேலையாட்கள் மிதிக்காமல் சுற்றி நான்கு செங்கல் வையுங்கள். ரங்கூன் மல்லி படரும் வரைக்கும் பீர்க்கையோ பாகலோ அதே பந்தலில் ஏறட்டும். இரண்டு மாதத்தில் பச்சை வந்துவிடும், குழம்புக்கும் ஆகும்.

அந்தத் தம்பதி வீட்டில் மறுநாள் சுண்ணாம்புக் கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டோம். அறை சமையலறைப் பக்கம் எட்டடி நகர்ந்தது, பெரிய கண்ணாடி வடக்குச் சுவருக்குப் போனது. "அப்ப சூரியன் மறையறதுண்ணே?" என்று தம்பி கேட்டார். மேற்குச் சுவருக்கு வெளியே, பந்தலுக்கு அடியில் இரண்டு பேர் உட்காரும்படி ஒரு திண்ணை வைக்கலாம் என்று காட்டினேன். ஆறு மணிக்கு வெயில் தணிந்ததும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளலாம். அந்தப் பெண் உடனே போய் ஒரு மோடாவை எடுத்துவந்து அந்த இடத்தில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். என் வீட்டு ரங்கூன் மல்லியில் பதியம் போட்ட கன்று இரண்டு தயாராக இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.