பழைய மஸில்லோடர் வாங்கியவர்கள் லோடு விஷயத்தில் செய்யும் தவறுகள்

செப்டம்பர் பிறந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, ஒரு செகண்ட் ஹேண்ட் .50 காலிபர் மஸில்லோடர் சல்லிசா கிடைச்சுது, மான் சீசனுக்கு என்ன லோடு போடலாம்?" குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் இறக்கிச் சுடும் துப்பாக்கிதான் மஸில்லோடர், அந்த மருந்தும் குண்டும் சேர்ந்ததுதான் லோடு, காலிபர் என்பது குழலின் உள்விட்டம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இந்த வேட்டைப் பழக்கத்துக்கு வந்திருக்கும் நம் ஆட்கள் இப்போது கொஞ்சம் அதிகம், சந்தோஷம்தான். ஆனால் காலிபரை மட்டும் சொல்லி லோடு கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பாதிப் பேர் பதிலுக்குக் காத்திருப்பதும் இல்லை, வீடியோ பார்த்துப் பொருளை வாங்கிவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். மருந்துக்குப் பக்கத்தில் சிகரெட் கூடாது, கண்ணாடி போட வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

உள்ளே ஏற்கனவே லோடு இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவது

பழைய துப்பாக்கி லோடோடு கைமாறுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். முந்தைய சொந்தக்காரர் சீசன் கடைசி நாளில் சுடாமல் மாட்டி வைத்திருப்பார். 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய சுமார் 27,500 துப்பாக்கிகளில் 24,000 அளவில் லோடோடு கிடந்தன, பலவற்றில் ஒன்றுக்கு மேல். குண்டைக் குழலுக்குள் இறக்கும் கம்பியான ராம்ராடைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே ஒரு கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். நுனி, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை மாட்டும் நிப்பிளுக்குக் கிட்டத்தட்ட நேராக வர வேண்டும். சில துப்பாக்கிகளில் அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் கொஞ்சம் முன்னாடியே நிற்கும். ஆனால் இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. சுட்டு வெளியேற்றலாம் என்று நினைக்க வேண்டாம், நேராகத் துப்பாக்கி ரிப்பேர் செய்யும் கன்ஸ்மித்திடம் கொண்டு போங்கள்.

ட்விஸ்ட் தெரியாமல் குண்டு வாங்குவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் வரவைப்பது. நானும் ஆரம்பத்தில் பண்ணியதுதான், அதனால்தான் மற்றவர்கள் பண்ணும்போது பொறுக்க முடிவதில்லை.

குழலுக்குள் இருக்கும் ரைஃப்ளிங் வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதுதான் ட்விஸ்ட். 1:60 என்றால் அறுபது அங்குலத்துக்கு ஒரு சுற்று. உருண்டை ஈயக் குண்டுக்கு மெதுவான சுழற்சி போதும், அதனால் சுத்தியல் பக்கவாட்டில் இருக்கும் பழைய பாணி சைட்லாக் துப்பாக்கிகளில் 1:60, 1:66 என்று வரும். நீளமான குண்டு தலைகீழாகப் புரளாமல் போக வேகமாகச் சுழல வேண்டும், அதனால் பற்றவைப்பு குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் இப்போதைய இன்லைன் துப்பாக்கிகள் பெரும்பாலும் 1:28. நடுவில் 1:48 உண்டு, 1970இல் வந்த தாம்ப்சன் சென்டர் ஹாக்கன் மாதிரியானவை. அதில் உருண்டைக் குண்டும் போகும், குட்டையான கோனிக்கல் (கூம்பு வடிவ) ஈயக் குண்டும் போகும். பிளாஸ்டிக் உறைக்குள் வரும் நீளமான சேபட் குண்டுக்கு அதை நம்ப முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. உருண்டைக் குண்டுக்கான குழலில் வரிகள் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும், குண்டைச் சுற்றி வைக்கும் துணி பேட்ச் அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொள்ளும். சேபட்டின் பிளாஸ்டிக் அப்படி நிரப்பாது, புகை ஓரமாகக் கசிந்து குண்டை முந்திக்கொண்டு ஓடும்.

தெரிந்த ஒரு தம்பி மெதுவான ட்விஸ்ட் உள்ள ஒரு பழைய சைட்லாக் வாங்கினார். வீடியோவில் சொன்னபடி சேபட், இரண்டு பெல்லட் (வில்லையாக அழுத்திய மருந்து). 50 கெஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குண்டுகள் சிதறின, காகிதத்தில் சில ஓட்டைகள் நீளவாக்கில் கிழிந்திருந்தன, அதாவது குண்டு பக்கவாட்டில் பறந்து பட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். அவர் சைட் சரியில்லை என்று முடிவு செய்து புது சைட் வாங்கினார், அப்புறம் ஸ்கோப் மாட்டக் குழலில் துளை போட்டார், அப்புறம் விலை கூடின இன்னொரு வகை சேபட். துப்பாக்கி விலையைவிட அதிகம் செலவாகிவிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே லோடோடு காட்டுக்குப் போய் ஒரு பெண் மானைச் சுட்டார். இரவு டார்ச் அடித்து நாங்கள் ரத்தத் தடம் பார்த்துக்கொண்டே போனோம், ஓடைக்கரையில் தடம் அற்றுவிட்டது, மறுநாள் காலையிலும் கிடைக்கவில்லை. எங்கேயோ போய் வேதனைப்பட்டுச் செத்திருக்கும். ஒரு கம்பியும் ஒரு துணியும் வைத்து ஐந்து நிமிடத்தில் தவிர்த்திருக்கலாம். அந்தத் துப்பாக்கியை அவர் நஷ்டத்துக்கு விற்றார், வாங்கியவர் உருண்டைக் குண்டும் பேட்சும் போட்டு உள்ளங்கை அளவுக்குள் சுடுகிறார்.

அளப்பது சுலபம். கைப்பிடி தனியாகச் சுழலும் கிளீனிங் ராடில் இறுக்கமான துணி சுற்றி உள்ளே விடுங்கள். ராடின் மேல் ஒரு அடையாளம் வைத்து, மெதுவாகத் தள்ளும்போது அது கால் சுற்று திரும்ப எத்தனை அங்குலம் ஆகிறது என்று பாருங்கள். அதை நான்கால் பெருக்கினால் ட்விஸ்ட். பன்னிரண்டு வந்தால் 1:48, ஏழு வந்தால் 1:28.

மெதுவான ட்விஸ்ட் .50 என்றால் .490 அங்குல உருண்டை, .015 அங்குலப் பருத்தி பேட்ச், 2எஃப் எனும் பருமன் உள்ள கருமருந்து 60 கிரெயினில் (மருந்து அளக்கும் சிறு அலகு) ஆரம்பித்து ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள், தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவைத் தாண்டாமல். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் குழலைத் துடையுங்கள். முன்னால் தரையில் விழும் பேட்சைப் பொறுக்கிப் பாருங்கள். கிழிந்திருந்தால் குழலில் துரு அரித்த இடமோ கூரான விளிம்போ இருக்கிறது, கருகி ஓட்டையாக இருந்தால் பேட்ச் மெல்லிசு. உருண்டைக் குண்டு 100 கெஜத்தில் கிட்டத்தட்ட பாதி வேகத்தை இழந்துவிடும், அதனால் மானுக்கு 75 கெஜத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

மருந்தை மாற்றிவிட்டு அளவை மாற்றாமல் இருப்பது

"100 கிரெயின்" என்று ஒருவர் சொன்னால் எந்த மருந்து என்று கேளுங்கள். கருமருந்தையும் அதற்கு மாற்றாக வருபவற்றையும் அளவுக் குப்பியால்தான் அளப்பார்கள், தராசில் அல்ல. பைரோடெக்ஸ் கருமருந்தைவிட எடை குறைவு, ஆனால் அதே குப்பி அளவு சரியாக வரும். ட்ரிப்பிள் செவன் உக்கிரம் அதிகம், கருமருந்துக்குச் சமமாக வேண்டுமென்றால் குப்பி அளவில் 15 சதவீதம் குறைக்க வேண்டும். பிளாக்ஹார்ன் 209ஐ எடை போடுகிறீர்கள் என்றால் குப்பி அளவை 0.7ஆல் பெருக்க வேண்டும், குப்பி அளவில் 100 என்றால் தராசில் 70 கிரெயின். தராசில் நூறு வைத்தால் அது ஆபத்தான ஓவர்லோடு. அதற்கு 209 ஷாட்கன் பிரைமர் வேறு வேண்டும், பழைய சைட்லாக்கின் 11ஆம் நம்பர் கேப் அதைப் பற்றவைக்காது. தீக்கல் பொறியில் மருந்து பற்றும் ஃபிளிண்ட்லாக் வைத்திருப்பவர்கள் அசல் கருமருந்தைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

மூன்று பெல்லட், 150 கிரெயின்

அதற்கென்று செய்யாத பழைய குழலில் வேண்டவே வேண்டாம். மிச்ச மருந்து வாய்க்கு வெளியேதான் எரியும், உங்கள் தோள்தான் வலிக்கும். துப்பாக்கி சிவிஏ நிறுவனத்தின் இன்லைன் என்றால், லோடு பற்றி யோசிக்கும் முன் சீரியல் நம்பரைப் பாருங்கள். 95 அல்லது 96 என்று முடியும் 1995, 1996 மாடல்களை நிறுவனமே 1997இல் திரும்பப் பெற்றது. அதைச் சுடக்கூடாது.

புகையில்லா மருந்து

ஒரு சிட்டிகைகூட கூடாது. குழல் வெடிக்கும்.

குண்டு மருந்தின் மேல் உட்காமல் விடுவது

நடுவில் நின்றால் குழல் புடைத்துவிடும். சரியான லோடு கிடைத்ததும் ராம்ராடில் நிரந்தரமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் பாருங்கள். கோனிக்கல் குண்டு போட்டிருந்தால் நடந்து வந்தபின் இன்னொரு தடவையும் பாருங்கள், துப்பாக்கியைக் கவிழ்த்துத் தூக்கினால் அது நழுவும்.

வீல் வெயிட் ஈயம்

கார் சக்கரத்தில் மாட்டும் எடைக்கட்டியை உருக்கி எடுக்கும் ஈயம் வேண்டாம், பேட்ச் உருண்டைக்கு மென்மையான சுத்த ஈயம் மட்டுமே.

மாநில விதியைக் கடைசியில் படிப்பது

கொலராடோவின் மஸில்லோடர் சீசனில் சேபட்டுக்கும் பெல்லட்டுக்கும் அனுமதி இல்லை. பென்சில்வேனியாவில் அக்டோபர் சீசனில் இன்லைன் கொண்டுபோகலாம், கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய சீசனில் ஃபிளிண்ட்லாக் மட்டும்தான். இதைப் படித்த பிறகு கடைக்குப் போங்கள்.